முதல் வேண்டாம்

அன்று அந்த வரவேற்பறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். சோபாவின் ஒரு நுனியில் அன்ரியின் தங்கை, குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல். மற்ற நுனியில் தங்கையின் கணவர். நாங்கள் அவரை மொன்றியல் அண்ணை என்போம். சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கணவர். சமையலறை வாசலில் நிலையோடு சாய்ந்தபடி அன்ரி. ஹீற்றருக்குப் பக்கத்தில் நிலத்தில் நான். தங்கையின் பிள்ளைகள் இரண்டு பேரும் வரவில்லை. அவர்களை மொன்றியலில் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், பிறகு எங்கள் கட்டடத்தில் அந்த நாளைப் பற்றிப் பலவிதமாகக் கதை அடிபட்டது. அங்கே இல்லாதவர்களும் இருந்ததாகச் சொன்னார்கள். நம்பி வந்த தங்கையை அன்ரி துரத்திவிட்டார் என்றும் சொன்னார்கள். துரத்தவில்லை. நான் இருந்தேன்.

அன்ரி எங்களுக்கு உறவில்லை. ஸ்காபரோவில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் எங்கள் கதவுக்கு எதிர்க் கதவு அவருடையது. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கணவர் ஊரிலேயே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சொந்தம் என்று கனடாவில் இருந்தது மொன்றியலில் ஒரு தங்கை மட்டும்.

அவரிடம் ஒரு குணம். எதையும் இரண்டாம் தரம் கேட்கமாட்டார்.

அவர் வீட்டுக்குப் போனால் "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்பார். போனவர்கள் வழக்கப்படி "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" என்பார்கள். எங்கள் ஆட்களிடம் முதல் வேண்டாம் என்பது வேண்டாம் இல்லையே. அது ஒரு மரியாதை. வீட்டுக்காரர் இன்னொருக்கால் கேட்கவேண்டும், வந்தவர் இன்னொருக்கால் மறுக்கவேண்டும், பிறகு கேளாமலே கொண்டுவந்து வைக்கவேண்டும். அன்ரி "சரி" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். கோயில் நிதிக்கு வந்த மூன்று பேர் ஒரு மணித்தியாலம் தொண்டை காயக் கதைத்துவிட்டுப் போனார்கள். லிப்டுக்குள் ஒருவர் மற்றவரைப் பார்த்து, "நீர் ஏன் காணும் முந்திக்கொண்டு வேண்டாம் எண்டனீர்?" என்று எரிந்து விழுந்ததை என் காதால் கேட்டேன். கஞ்சத்தனம் என்று சிலர் நினைத்தார்கள். ஓம் என்று சொன்னால் தேநீரோடு வடை, பணியாரம் எல்லாம் வரும் என்பது அவர்களுக்குத் தெரியாது. என் கணவர் அந்தப் படலையைத் தாண்டமுதலே "ஓம் எண்டு சொல்லவேணும், ஓம் எண்டு சொல்லவேணும்" என்று எனக்குக் கேட்க முணுமுணுப்பார். படலை என்பது அவர் பகிடி. பதினோராம் மாடியில் ஏது வேலி, ஏது படலை.

எனக்கும் அன்ரிக்கும் ஒரே இடத்தில்தான் வேலை. ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, உருளைக்குள் விட்டு எடுத்து மடிக்கிற கொம்பனி. சூடாக வரும் விரிப்பின் இரண்டு மூலையை நான் பிடிக்க, மற்ற இரண்டையும் அன்ரி பிடிப்பார். கிட்ட வருவோம், விலகுவோம், திரும்பக் கிட்ட வருவோம். ஒரு நாளைக்கு எத்தனை தரம் முகத்துக்கு முகம் வந்திருப்போமோ தெரியாது. அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் அப்படி வந்து விலகின நேரத்தில் கேட்டதுதான்.

மேற்பார்வைக்காரன் ஒருமுறை சனிக்கிழமை வேலைக்கு நிற்கமுடியுமா என்று அன்ரியைக் கேட்டான். முடியாது என்றார். அவன் அரை மணித்தியாலம் கழித்துச் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தான். எல்லாரிடமும் அப்படித்தான் வருவான், நாங்களும் இரண்டாம் தரம் தலையாட்டிவிடுவோம். அன்ரி விரிப்பை விடாமலே, "யூ ஆஸ்க்ட். ஐ செட் நோ. வை யூ கம் அகெய்ன்?" என்று கேட்டார். கோபமாக இல்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி. அவன் போய்விட்டான். இனி வேலையால் நிற்பாட்டுவார்கள் என்று அந்தக் கிழமை முழுக்க நான்தான் பயந்தேன். அவரை அல்ல, அவரோடு நின்றதற்காக என்னை.

நான் அப்படித்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எதிலும் நிச்சயம் இல்லை. பஸ்ஸில் ஏறிய பிறகு அடுப்பை அணைத்தேனா என்று அன்ரியைக் கேட்பேன். இருவரும் சேர்ந்து வெளிக்கிடுவதால் அவர் பார்த்திருப்பார். "நூத்தனி" என்பார், அணைத்துவிட்டாய் என்று. இரண்டு தரிப்பிடம் போக மறுபடி கேட்பேன். அன்ரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மறுமொழி இல்லாத முதுகைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போய்ச் சேர்வது எனக்கு ஒரு தண்டனை.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். விரிப்பு கைமாறும்போது சொன்னார். அவருக்குக் கலியாணம் பேசி வந்தபோது அம்மா கேட்டாராம். வேண்டாம் என்றாராம். ஒரு கிழமை விட்டுப் பெரியப்பா கேட்டாராம். அதற்கும் வேண்டாம். பிறகு தாய்மாமன் வந்து, எல்லாரும் சுற்றியிருக்கக் கேட்டாராம்.

"மூண்டாந்தரம் ஓம் எண்டன். மாப்பிளையைப் பிடிச்சில்லை, பிள்ளை. கேக்கிறதை நிப்பாட்டுறதுக்கு."

நல்ல மனிதர்தான் என்று பிறகு சொன்னார். அடிக்கவில்லை, குடிக்கவில்லை. விரிப்பு முடிந்துவிட்டது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணம் கனடாவை விட்டுப் பிரிந்து போவதா என்று அங்கே வாக்கெடுப்பு வைத்தார்கள். அன்ரியின் தங்கை வீட்டார் அப்போதுதான் குடியுரிமை எடுத்திருந்தார்கள். மயிரிழையில் "இல்லை" வென்றது. காசாலும் வெளியாட்களின் வோட்டாலும்தான் தோற்றோம் என்று அங்குள்ள தலைவர் மேடையில் சொன்னார். எங்கள் கட்டடத்தில் எல்லாத் தொலைபேசியும் அடித்தது. ஓடி வந்த இடத்திலும் வெளியாட்கள் என்று விரல் நீட்டினால் ஆருக்குத்தான் பயம் வராது. மறுநாள் வேலைக்குப் போகமுன் அன்ரி தங்கைக்கு எடுத்து, "இஞ்ச வாறியளோ?" என்று கேட்டார். நான் கதவடியில் நின்றேன். அங்கே இருந்து என்ன சொன்னார்களோ, அன்ரி "சரி" என்று வைத்துவிட்டார்.

"என்ன சொன்னவ?"

"வேண்டாமாம்."

"சும்மா சொல்லியிருப்பா அன்ரி. இன்னொருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

அவர் பாதணியைக் கொழுவிக்கொண்டிருந்தார்.

ஆனால் அடுத்த வருடம் அன்ரி ஒரு படுக்கையறை வீட்டை விட்டு, அதே மாடியில் இரண்டு படுக்கையறை வீடு எடுத்தார். தனி ஆளுக்கு எதற்கு இரண்டு அறை, வாடகை வேறு கூட என்று எல்லாரும் குழம்பினார்கள். நான் குழம்பவில்லை. பின்னறை சும்மா கிடந்தது. கிழமைக்கு ஒருக்கால் கூட்டித் துடைப்பார். தங்கையோடு ஞாயிறு தோறும் கதைப்பார். கேள்வி மட்டும் கேட்கமாட்டார்.

வாக்கெடுப்பு முடிந்து மூன்று வருடம் போனது. தொண்ணூற்றெட்டின் முடிவில் கியூபெக்கில் தேர்தல் நடந்து, பிரியவேண்டும் என்கிற அதே கட்சி திரும்பவும் வந்தது. இனி இன்னொரு வாக்கெடுப்புத்தான் என்று வானொலியில் கதை. அந்தச் சனிக்கிழமையே மொன்றியல் அண்ணை தங்கையை ஏற்றிக்கொண்டு ஆறு மணித்தியாலம் கார் ஓடி வந்துவிட்டார். தங்கள் வீட்டை வாங்குகிற ஆள் ஒருவர் இருக்கிறாராம், திங்கட்கிழமை கையெழுத்து வைக்கவேண்டுமாம். அதைச் சொல்லத்தான் வந்தது.

நாங்கள் போய் உட்காரமுதலே என் கணவருக்கும் அண்ணைக்கும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

தேர்தலில் வென்றவன் கேட்பான், கேட்பதற்குத்தானே அவனை வெல்ல வைத்தது என்பது அண்ணையின் நியாயம். இவர் ஆங்கிலப் பேப்பர் வாசிக்கிறவர். அந்தக் கட்சிக்கு ஆசனம்தான் கூட, வோட்டு மற்றக் கட்சிக்குத்தான் கூட விழுந்தது, இதை வைத்துக்கொண்டு எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது என்றார். அதோடு, சனம் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் போட்ட வோட்டை நாட்டைப் பிரிக்கப் போட்ட வோட்டென்று எப்படி எடுப்பது என்றும் கேட்டார். அண்ணை விடவில்லை. ஆட்சி பிடிப்பது ஆசனத்தால், அவர்கள் தங்கள் எண்ணத்தை ஒளிக்கவும் இல்லை, தெரிந்துதானே சனம் போட்டது என்றார்.

"எண்பதில ஒருக்காக் கேட்டு இல்லை எண்டாச்சு. மூண்டு வருசத்துக்கு முந்தித் திருப்பிக் கேட்டும் இல்லை எண்டாச்சு," என்றார் இவர். "எங்கட ஆக்களைப் போல எண்டு நினைக்கினம்போல. முதல் ரெண்டு வேண்டாமும் மரியாதைக்கு, மூண்டாவதுக்கு ஓம் எண்டுவினம் எண்டு."

நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

மொன்றியல் அண்ணை முன்னுக்குச் சாய்ந்தார். "தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். எழுபத்தேழில ஊரில எங்கட சனம் போட்டது என்ன? தேர்தல் வோட்டுத்தானே? அது தனிநாட்டுக்குத் தந்த ஆணை எண்டு கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுறியள். எங்களுக்குத் தேர்தல் போதுமெண்டால், உவங்களுக்கு ஏன் போதாது?"

"அது வேற, அண்ணை."

"என்ன வேற?"

"உவங்களை ஒருத்தரும் குண்டு போட்டுக் கலைக்கேல்லை."

"அப்ப அடி வாங்கினவன் மட்டும்தான் கேக்கலாமோ?"

இவர் கதிரையை இன்னும் முன்னுக்கு இழுத்தார். எனக்கு வேறு பயம். இந்தக் கதை எங்கே போய் முடியுமோ, சுவருக்கு அந்தப் பக்கம் ஆர் இருக்கிறார்களோ. எழுந்துபோய்த் தொலைக்காட்சியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன்.

அப்போதுதான் அன்ரி கதைத்தார். வாசல் நிலையை விட்டு அசையவில்லை.

"அந்த எழுபத்தேழில நானும் போட்டனான்," என்றார். "மனதறிஞ்சுதான் போட்டது. அதுக்குப் பிறகு என்னை ஆர் கேட்டது?"

மொன்றியல் அண்ணை பின்னுக்குச் சாய்ந்தார்.

"இல்லை எண்டாத் திருப்பித் திருப்பிக் கேப்பினம். ஓம் எண்டு ஒருக்காச் சொல்லிப்போட்டால் பிறகு ஒருத்தரும் வந்து கேக்கமாட்டினம். செத்தாலும் கேக்கமாட்டினம். வெண்டவனோ தோத்தவனோ, கேக்கிறவன் ஆர் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறியள். மறுமொழி சொன்னவள் மாறியிருக்கிறாளோ எண்டு ஒருத்தரும் பாக்கேல்லை."

"உந்தக் கதையை வெளியில கதைக்காதேங்கோ அன்ரி," என்று நான் மெல்லச் சொன்னேன். தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் இருந்தவர்களுக்கு நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியும். அப்போது இயக்கத்துக்குப் பிடிக்காத கதை கதைத்தால் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள்.

மொன்றியல் அண்ணை கதையை மாற்றினார். எல்லாம் சரி, தாங்கள் முடிவெடுத்துவிட்டோம் என்றார். அங்கே இனி இருக்கமுடியாது. தனக்குப் பிரெஞ்சு வாயில் வராது, இன்னொருக்கால் வாக்கெடுப்பு வந்து நூற்றுக்கு ஒரு வீதம் அந்தப் பக்கம் சரிந்தால் தங்கள் வீடு எந்த நாட்டில் இருக்கும் என்று தெரியாது. திங்கள் கையெழுத்து வைத்துவிட்டு, பள்ளிக்கூட வருடம் முடிய இங்கே வந்துவிடுவோம். வீடு பார்க்கும்வரை அக்காவோடு. பயந்த மனிதர். அவரில் பிழை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அந்த இனம்தான்.

அன்ரி தங்கையைப் பார்த்தார். "நீயும் ஓமோ?"

"ஓம் அக்கா."

எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. இரண்டு வருடத்துக்கு மேலாகத் துடைத்து வைத்த அறை. இவரும் முதல் நடந்த சண்டையை மறந்து, எந்தப் பள்ளிக்கூடம் கிட்ட, எங்கே வாடகை குறைவு என்று சொல்லத் தொடங்கினார். அன்ரி தங்கையைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்னறையைக் காட்டினார். நானும் பின்னால் போனேன். இரண்டு புது மெத்தை, உறை கழற்றாமல் சுவரில் சாத்தியிருந்தது. எப்போது வாங்கினார் என்று எனக்கே தெரியாது. ஒரே மாடியில் இருந்துகொண்டு. அன்ரி ஜன்னல் திரையை இழுத்துக் காட்டினார், அலுமாரியைத் திறந்து காட்டினார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முதல் பார்க்கவில்லை. தங்கை "நல்லாயிருக்கு அக்கா, நல்லாயிருக்கு" என்று சொல்லிக்கொண்டு நின்றார். கோட்டின் பொத்தான்கள் இன்னும் பூட்டியபடி.

பிறகு தங்கை, பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேட்க மொன்றியலுக்கு எடுத்தார். மூத்த மகள் எடுத்திருக்கவேண்டும். இரண்டு சொல் தமிழில் போனது, அடுத்த சொல் பிரெஞ்சில் திரும்பிவிட்டது. அந்தப் பாஷை எனக்குத் தெரியாது. ஆனால் தங்கை சிரித்தார். வந்ததில் இருந்து சிரிக்காத மனுசி, தலையைப் பின்னால் சாய்த்து, மகள் சொன்ன எதற்கோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "வுய், வுய்" என்றார். அது ஓம் என்பது மட்டும் எனக்குத் தெரியும். யாரோ கூட வேலை செய்கிறவளின் பெயரைச் சொன்னார். பிறகு எங்கள் ஞாபகம் வந்ததுபோலக் குரலைத் தணித்து, தமிழில், அந்த வீட்டில் கரைச்சல் கொடுக்காமல் படுங்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அன்ரி பார்த்துக்கொண்டே நின்றார்.

"பிள்ளையளுக்குச் சொல்லேல்லையோ?"

"பிறகு சொல்லுவம்."

அன்ரி வந்து சோபாவில் தங்கைக்குப் பக்கத்தில் இருந்தார். கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார். சூடான விரிப்புப் பிடித்துப் பிடித்து விரல் நுனி எல்லாம் வழவழத்துப்போன கைகள். பிறகு கேட்டார்.

"உண்மையாத்தான் ஓமோ?"

நானும் இவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மொன்றியல் அண்ணை, "அவள்தான் சொல்லிப்போட்டாளே, அக்கா," என்றார்.

"நீங்கள் பொறுங்கோ, தம்பி. நான் அவளைக் கேக்கிறன்."

தங்கை குனிந்திருந்தார். தொலைக்காட்சியில் யாரோ காலநிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து அதை நிற்பாட்டினேன்.

"இல்லை அக்கா," என்றார் தங்கை. "எனக்கு விருப்பமில்லை. அங்க எனக்கு வேலை பிடிச்சிருக்கு. பிள்ளையளுக்கு அந்தப் பாசையிலதான் எல்லாம் வருது. நாங்கள் எத்தினை தரம் வீட்டைப் போட்டிட்டு ஓடுறது? அவை பிரியட்டும், பிரியாமல் இருக்கட்டும். எனக்கு ஏலாதக்கா. களைச்சுப்போனன்."

"ஏன் என்னட்டைச் சொல்லேல்லை?" என்றார் அண்ணை. கத்தவில்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"எத்தினை தரம் சொல்லுறது? ஒரு மாசமாச் சொன்னன்தானே."

அன்ரி தங்கையின் முதுகில் ஒருதரம் கைவைத்து எடுத்தார். "அப்ப சரி," என்றார். பிறகு அண்ணையிடம் திரும்பி, "தம்பி, அவள் மறுமொழி சொல்லிப்போட்டாள். இனித் திருப்பிக் கேக்காதேங்கோ," என்றார்.

அதன் பிறகு அவர் சமையலறைக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. நான் போகவா விடவா என்று யோசித்து யோசித்து, போனேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன் அன்ரி கேட்டனீங்கள்? அவ வந்திருப்பா எல்லே."

"வந்திருப்பாள்."

"பிறகு?"

"அவள் ஓம் எண்டதைக் கேக்க எனக்கு நல்ல சந்தோசமா இருந்தது, பிள்ளை. அதுதான் பயமாக் கிடந்தது."

அந்தக் கட்சி ஆட்சி செய்த காலம் முழுக்க அங்கே கேள்வி திரும்பக் கேட்கப்படவில்லை. இதை எழுதும் வரைக்கும் கேட்கப்படவில்லை என்று இவர் சொல்கிறார். அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. மொன்றியல் அண்ணை இரவுச் சாப்பாட்டில் கைவைக்கவில்லை. இவர் அவரைக் கூட்டிக்கொண்டு கீழே போய், கார் தரிப்பிடத்தில் குளிருக்குள் நீண்ட நேரம் கதைத்துக்கொண்டு நின்றார். என்ன கதைத்தார்கள் என்று நான் கேட்டேன். திருப்பியும் கேட்டேன். இவர் சொல்லவில்லை.

காலையில் வெளிக்கிட்டார்கள். அன்ரி வழிக்கென்று சோற்றைக் கட்டிக் கொடுத்தார். லிப்ட் வர நேரம் எடுத்தது. அந்தக் கட்டடத்தில் எப்போதும் அப்படித்தான், அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளில். ஐந்து பேரும் பார்க்க ஒன்றுமில்லாமல் லிப்ட் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்ததும் தங்கை உள்ளே போய்த் திரும்பி, "போட்டு வாறம், அக்கா," என்றார்.

"ஓம். போட்டு வாங்கோ."

எப்ப என்று அன்ரி கேட்கவில்லை. கதவு மூடியது.